பட்டன் போட ஆள் இல்லை

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் கத்தரிக்கோல் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பாதி ஆயுள் சலூன் நடத்தியவன் நான். கடையில் பொய் சொன்னதே இல்லையா என்று கேட்டால், சொல்லியிருக்கிறேன். தலையில் நாலு முடி வைத்திருப்பவரிடம் "நல்ல அடர்த்தி சார் உங்களுக்கு" என்று சொல்வது தொழில் மரியாதை. கடையை மூடிய பிறகு பொய் சொல்லி உட்கார வைக்க எனக்கு ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. அதனால் தைரியமாக நம்பலாம்.

இது எதிர்வீட்டுக் கண்டக்டரின் கதை. மூன்றாம் மாடியில் அவர் கதவும் என் கதவும் நேருக்கு நேர். நடுவே ஒருவர் கால் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு நடை. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, பழுதே ஆனதில்லை, ஒருநாளும் ஓடாததால். மழை பெய்தால் மொட்டை மாடித் தண்ணீர் எங்களுக்கு முன்பாகப் படி இறங்கும். வெயில் அடித்தால் இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து போட்டுவிடுவோம். இங்கே தும்மினால் அங்கே "நூறு வயசு" என்பார்கள்.

கண்டக்டர் ஓய்வு பெற்றுப் பல வருஷம். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே மகள் வெளிநாட்டில். ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அந்த நாட்டுக் கிழவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிட்டு, மாத்திரை விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். வேலையில் கெட்டிக்காரி. அப்பா மாதிரியே ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்வாள்.

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர் கண்டக்டர். அந்தக் கைக்கு நடுக்கம் வந்தது. முதலில் விரலில் தொடங்கி, அப்புறம் முழங்கை வரைக்கும். மிகைப்படுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்: என் வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, "அண்ணே, கொஞ்சம் பிடிங்க, அடுப்பைப் பத்த வெச்சிட்டு வர்றேன்" என்று கொடுத்தாள். வந்து வாங்கியபோது ஆம்லெட்டுக்குத் தயாராக இருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாத நாட்களில் அவரை நாங்கள் அப்படிப் பயன்படுத்திக்கொண்டோம். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

காலையில் எழுந்து முகம் கழுவியதும் நான் நடையைத் தாண்டுவேன். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, குளியலறைக்கு நடத்தி, முதுகு தேய்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்து, சட்டை போட்டுவிடுவேன். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டாக வேண்டும். ஒன்று விட்டாலும் டியூட்டிக்குப் போகாதவன் மாதிரி இருக்கிறது என்பார். அதற்குள் என் வீட்டுக்காரி ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு, முட்டையைச் சின்னதாக நறுக்கி எடுத்துவருவாள். அவள் ஊட்டும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊட்டுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவருக்கு ஒரு சட்டம்.

ஒருநாள் நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், மனிதர் குளியலறையில் விழுந்து கிடந்தார். காலையிலிருந்து கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "சாப்பாடு எப்படி?" என்றார். அன்றைக்குத்தான் மகள் முடிவெடுத்தாள், அப்பாவைத் தன்னிடம் கூட்டிக்கொள்வது என்று.

அவளே திரும்பி வந்துவிடலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். அவள் அங்கே போனபோது ஐந்து வருஷம் இருந்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்றார்கள். ஐந்து முடியப்போகிற நேரத்தில் பத்து என்று மாற்றினார்கள். நடுவே கொஞ்சம் கூடுதலாக ஊரில் தங்கிவிட்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பந்தயத்தில் ஓடுகிறவன் கிட்டே வர வர, முடிவுக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறவர்கள் அந்த நாட்டு அதிகாரிகள். அங்கே அவள் புருஷன் இருக்கிறான், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, அப்பா போக வேண்டும். அதற்கு ஒரு ஏஜென்ட் வந்தான். எந்த வெயிலிலும் கோட்டு போட்டிருப்பான், அதனால் எங்களுக்கு அவன் 'கோட்டு'. ஒவ்வொரு முறை மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கும்போதும் ஒரு விதி மாறியிருக்கும். மகளின் சம்பளம் போதாது என்றார்கள், அவள் இன்னொரு ஷிப்ட் எடுத்துக்கொண்டாள். வீட்டில் தனி அறை வேண்டும் என்றார்கள், கூடத்தைத் தடுத்து அறையாக்கினாள். இதெல்லாம் ஆன பிறகு கோட்டு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான்:

"சார், முக்கியமானது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, உங்களால எந்த வேலையும் தானா செஞ்சுக்க முடியக் கூடாது. குளிக்க, உடுத்த, சாப்பிட, எதுவும். ரெண்டாவது, இங்க உங்களுக்கு அதெல்லாம் செஞ்சுவிட யாரும் இருக்கக் கூடாது."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் சேர்ந்து இருந்தா, நான் எப்படிய்யா உயிரோட இருக்கேன்?"

"அதைத்தான் சார் அவங்களும் கேக்குறாங்க."

முதல் விண்ணப்பம் போனது, நிராகரித்துத் திருப்பினார்கள். காரணம் மகளின் நல்ல வளர்ப்பு. கூட வைத்த கடிதத்தில் அப்பாவின் நிலைமையை எழுதிய கையோடு, நன்றி மறக்கக் கூடாது என்று எங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறாள்: எதிர்வீட்டு மாமாவும் அத்தையும் இல்லாவிட்டால் அப்பா இன்றைக்கு இருந்திருக்க மாட்டார், அவர்கள் கூடப்பிறந்த அண்ணனைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. அதிகாரி அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, விண்ணப்பதாரருக்கு அண்டை வீட்டார் மூலம் போதுமான பராமரிப்பு கிடைக்கிறது, ஆகவே அனுமதி இல்லை என்று முடித்துவிட்டார்.

கோட்டு படித்துக் காட்டியபோது என் வீட்டுக்காரி, "நம்மள ஒரு கவர்மென்ட் பாராட்டினது இதான் முதல் தடவை. ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்றாள்.

கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ கொஞ்சம் மோசமான ஆளா இருந்திருக்கலாம்யா."

"முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன்.

இரண்டாவது விண்ணப்பத்துக்குக் கோட்டு ஒரு வழி சொன்னான். அண்டை வீட்டாரோடு சண்டை, பேச்சுவார்த்தை இல்லை, எந்த உதவியும் நின்றுவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் இந்த முறை அவர்கள் ஒரு டாக்டரை வீட்டுக்கே அனுப்பிப் பார்ப்பார்கள். டாக்டர் வரும் நேரத்தில் சண்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சண்டை போட்டுப் பழக்கமில்லாததால் ஒத்திகை பார்த்தோம். நடையில் நின்று நான் திட்ட வேண்டும், அவர் உட்கார்ந்தபடி பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் இருவருக்கும் சிரிப்புதான் வந்தது. இரண்டாம் நாள், நிஜமான விஷயம் ஏதாவது எடுத்துக்கொண்டால் இயல்பாக வரும் என்று என் வீட்டுக்காரி யோசனை சொன்னாள். அது தப்பாகப் போயிற்று. கண்டக்டர் தன் கல்யாணத்தை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு முடி வெட்டியது நான். ஒரு பக்கக் கிருதாவை உயர்த்தி வெட்டிவிட்டேனாம். கல்யாணப் படத்தில் இன்றைக்கும் தெரிகிறதாம். போட்டோக்காரன் கோணலாக எடுத்தான் என்றேன். படமே கோணல் என்றால் மணமகளின் காது மட்டும் ஏன் நேராக இருக்கிறது என்றார். நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன்: அவருடைய தலையே கோணல் என்று. அதற்கப்புறம் நிஜமாகவே பேச்சு நின்றுவிட்டது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. காலையில் போவேன், எழுப்புவேன், குளிப்பாட்டுவேன், பட்டன் போடுவேன். ஒரு வார்த்தை கிடையாது. பேசாமல் ஷேவ் செய்வது மாதிரிக் கஷ்டமான வேலை எங்கள் தொழிலில் வேறு இல்லை. அவர் தன் குறையை என் வீட்டுக்காரியிடம் சொல்வார்: "தண்ணி சூடு பத்தலைன்னு சொல்லும்மா." நான் பக்கத்திலேயே சோப்போடு நிற்பேன். அவள் என்னைப் பார்த்து, "சூடு பத்தலையாம்" என்பாள். இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்து தான் பார்த்ததில்லை என்றும், முன்னாலேயே யாராவது சட்டம் போட்டிருக்கலாம் என்றும் சொன்னாள்.

டாக்டர் வரும் நாள் வந்தது. கோட்டு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: தாடி இருக்கட்டும், தலை கலைந்திருக்கட்டும், சட்டை கசங்கி, பட்டன் திறந்து, பார்க்கிறவர்களுக்கு ஐயோ என்றிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.

காலையில் நான் போனபோது கண்டக்டர் தாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாளில் என்னோடு முதல் தடவையாக நேராகப் பேசினார்.

"வர்றது ஒரு பொம்பள டாக்டராம்யா."

"ஆமா."

"வீடு தேடி வர்றாங்க. அவங்க முன்னாடி இப்படியா உக்காருவேன்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. என் எதிர்வீட்டில் ஒருவன் ஷேவ் செய்யாத முகத்தோடு ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்தான் என்றால், ஊரில் எனக்கு என்ன மரியாதை? நுரை வைத்து இரண்டு தடவை வழித்தேன். கிருதாவை அளவு பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே உயரம் என்று கண்ணாடியைக் காட்டி அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைத்தேன். பவுடர் போட்டேன். என் வீட்டுக்காரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள். கழுத்துப் பட்டன் வரை மாட்டி, கைக்கடிகாரமும் கட்டினோம். நாங்கள் இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அந்த நேரம் பார்த்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் மூன்று பேருக்கும் கோட்டு சொன்னது நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரி எங்கள் அடுப்படிக்கு ஓடினாள், நான் ஓடிப்போய் என் வாசலில் விரோதி மாதிரி நின்றுகொண்டேன். எப்படி நிற்பது என்று தெரியாததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா நடுவயசு. மூன்று மாடி ஏறி, முகமெல்லாம் வேர்த்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை, மின்சாரம் அன்றைக்குப் பார்த்துப் போயிருந்தது. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. எழுந்திருக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா, டம்ளர் பிடிக்க முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். முடியாது, முடியாது என்று கண்டக்டர் சொன்னார். சொல்லும்போது கடைசி ஸ்டாப்பில் பஸ் காலியான மாதிரி முகம் ஆகிவிட்டது. இந்த மனிதர் வாழ்க்கையில் முடியாது என்று சொன்னது, பஸ்ஸில் இடம் கேட்டவர்களிடம் மட்டும்தான்.

அப்புறம் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "சட்டை நல்லா இருக்கு சார். யார் போட்டுவிட்டாங்க?" என்று கேட்டார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நானே போட்டேன் என்றால், இவருக்கு உதவி தேவையில்லை. இன்னார் போட்டுவிட்டார் என்றால், இவருக்கு உதவி இருக்கிறது. இரண்டில் எதைச் சொன்னாலும் மகள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். யாரும் போடவில்லை, சட்டை தானாக வந்து ஏறிக்கொண்டது என்று சொன்னால் மட்டும்தான் அந்தச் சட்டப்படி அனுமதி உண்டு.

கண்டக்டர் என் பக்கம் பார்க்கவில்லை. "நானே போட்டுக்கிட்டேம்மா" என்றார்.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. உதவி செய்யத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. "அப்படியா? மேல் பட்டனைக் கழட்டிட்டுத் திரும்பப் போடுங்க, பாக்கலாம்" என்றார்.

அவரால் கழற்றவே முடியவில்லை. டாக்டரம்மாவே எழுந்து கழற்றிவிட்டார். கண்டக்டர் இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோனார். பட்டன் ஒரு கையில் கிடைத்தது. இன்னொரு கை துளையைத் தேடிக்கொண்டு காலர் பூராவும் அலைந்தது. கிடைத்தபோது பட்டன் நழுவியது. மறுபடி பட்டன், மறுபடி துளை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி நான் போட்ட பவுடரில் கோடு போட்டது.

"போதும் சார். விட்டுடுங்க. எனக்குப் புரிஞ்சுடுச்சு" என்றார் டாக்டரம்மா.

அத்தோடு விட்டிருந்தால் முதல் நிபந்தனை தேறியிருக்கும். கண்டக்டர் விடவில்லை.

"இருங்கம்மா. வந்துடும். காலையில போட்டேன்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடி தேடினார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் பின்னால் கட்டியிருந்த கையை இறுக்கிப் பிடித்தேன். என் கையையே நான் பிடித்திருந்தும் அது என் பேச்சைக் கேட்கவில்லை. நடையை எப்போது தாண்டினேன் என்று தெரியாது. பட்டனைப் போட்டேன். போட்டதோடு நின்றேனா? காலரை நீவிவிட்டேன். நெற்றியைத் துடைத்தேன். மோவாயைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கிருதா சரியாக இருக்கிறதா என்று வேறு பார்த்தேன்.

"நீங்க யாரு?" என்றார் டாக்டரம்மா.

"எதிர்வீடு."

"சண்டைன்னு எழுதியிருந்ததே?"

"ஆமாம்மா. பெரிய சண்டை."

"எதுக்காக?"

நான் விழித்தேன். கண்டக்டர்தான் சொன்னார்: "கிருதா."

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரி ஒரு தட்டில் அவருக்கு ஊறவைத்த ரொட்டியும், வந்தவருக்கு டீயுமாக உள்ளே நுழைந்தாள். அவருக்குப் பசிக்கிற வேளை அது. டாக்டரம்மா டீயை வாங்கிக்கொண்டு எங்கள் மூவரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சலித்துப்போய், "நான் என்னத்த சார் எழுதறது?" என்றார். அவர் பார்த்ததை எழுதினார். போதுமான பராமரிப்பு என்று இரண்டாவது முறையும் பதில் வந்தது.

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். இல்லத்துச் சீருடையில், ஏதோ ஒரு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் பேசாமல் என்னைக் கேட்டாள்.

"ஒரு பட்டன், மாமா. ஒரே ஒரு பட்டன். கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியலையா உங்களால?"

"முடியலம்மா."

"எங்கப்பா இங்க வர்றதுக்கு நான் என்னதான் செய்யட்டும்? ரெண்டு ஷிப்ட் பாக்குறேன். கூடத்துல சுவர் எழுப்பிட்டேன். கேட்டதெல்லாம் கொடுத்தேன். கடைசியில நீங்க நல்லவங்கங்கிறதுக்காக வேணாங்கிறான்." சீருடைப் பட்டன் ஒன்றைத் திருகினாள். "நான் இங்க காலையில எழுந்து வரிசையா அப்பாக்களுக்குப் பட்டன் போட்டுக்கிட்டே போறேன். ஒவ்வொருத்தருக்குப் போடும்போதும், எங்கப்பாவுக்கு மாமா போட்டிருப்பாருன்னு நினைச்சுக்குவேன். அந்த நினைப்புலதான் வேலையே ஓடும். இப்ப அதுவே குத்தமாயிடுச்சு."

நான் போனைக் கண்டக்டரிடம் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. என் முழங்கால் ஒன்று சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஒரு காலை குளியலறையிலிருந்து அவரைத் தாங்கி வரும்போது அது மடங்கிவிட, இரண்டு பேரும் ஈரத் தரையில் விழுந்தோம். அவர் கீழே, நான் மேலே. என் வீட்டுக்காரி இழுத்துப் பார்த்தாள், அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆள் கூப்பிட அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். மாடித் தண்ணீர் படியில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"யோவ், அந்த ஆபீசரைக் கூப்பிட்டுக் காட்டுய்யா" என்றார் கண்டக்டர். "இதான் போதுமான பராமரிப்பு."

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆள் அனுப்பச் சொல்றேன்."

"அடுத்த தடவை நீ எந்திரிக்க மாட்டே. அப்புறம் உனக்கு யாரு, எனக்கு யாரு?"

கீழ்வீட்டு ஆட்கள் வந்து தூக்கினார்கள்.

கோட்டை வரவழைத்து, எனக்கும் முடியவில்லை, அதை எழுதுங்கள் என்றோம். எழுதினால் நிற்காது என்றான். பராமரிப்பவருக்கு வயதானால் அவர் பராமரிப்பவர் இல்லை என்று ஆகாதாம். போன விண்ணப்பத்துக்கும் இதற்கும் நடுவில் சூழ்நிலை அடியோடு மாறியிருக்க வேண்டுமாம், அதற்கு ஆதாரமும் வேண்டுமாம். கண்டக்டர் அன்று முழுக்க யோசனையாக இருந்தார். சாயங்காலம் மகளிடம் பேச வேண்டும், போனைப் பிடித்துக்கொள்ளக் கோட்டு போதும், நீ வெளியே போ என்று என்னை அனுப்பிவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவு என் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது அன்றைக்குத்தான். வெளியே நின்றபோது உள்ளே அவர் அழுகிற மாதிரி கேட்டது. மழைச் சத்தமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு அனுமதி வந்துவிட்டது. கூடவே அதிகாரி தன் வருத்தத்தையும் தெரிவித்து ஒரு வரி எழுதியிருந்தாராம். எதற்கு வருத்தம் என்று கேட்டதற்குக் கோட்டு இருமினான்.

புறப்படுகிற நாளில் கீழ்வீட்டுக்காரர்கள் அவரை நாற்காலியோடு மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தச் சொல்லி, யாரும் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டு, "போலாம் ரைட்" என்றார். காரில் உட்கார வைத்ததும் என் கையைப் பிடித்தார். அவர் பிடித்ததில் என் கையும் ஆடியது.

"உடம்பைப் பாத்துக்கய்யா" என்றேன்.

"நீ ஜாக்கிரதையா இரு. அந்தப் பக்கமெல்லாம் வந்து நிக்காத. யார் கண்ணுலயும் பட்டுத் தொலைக்காத" என்றார். எனக்குப் புரியவில்லை. கார் போய்விட்டது.

இப்போது வாரம் தவறாமல் பேசுகிறார். மகள் வேலைக்குப் புறப்படும் முன்பு முதல் பட்டன் அவருக்குத்தான். என்ன ஒன்று, பின்னணியில் யாராவது வெளியாட்கள் இருந்தால் மகள் என் முகத்தைக் கண்டதும் வீடியோவை அணைத்துவிடுகிறாள்.

அது ஏன் என்று போன வாரம் தெரிந்தது. கோட்டு பழைய கோப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாவது விண்ணப்பத்தில் அவருடைய நடுக்கம் மாறவில்லை, சட்டமும் மாறவில்லை. புதிதாக இருந்தது, என் வீட்டுக்காரி ஊரோடு போய்விட்டாள் என்று ஒரு வரியும், ஒரே ஒரு இணைப்பும்: எதிர்வீட்டில் வசித்துவந்த ஓய்வுபெற்ற சலூன்காரர், அதாவது நான், மழைக்காலத்தில் ஒரு காலையில் குளியலறையில் விழுந்து அதே இடத்தில் காலமானார் என்று நகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழ். நகராட்சி அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். சான்றிதழ் அசல்.